தீ அணைந்த பிறகு எத்தனை பக்கம்?

2008இல் வெளிவந்த ‘ஃபயர்புரூஃப்’ என்ற அமெரிக்கப் படத்தின் பிற்பகுதியில் ஒரு முத்தக் காட்சி வருகிறது. ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரின் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையார் சுமார் 5 லட்சம் டாலரில் எடுத்து, 3 கோடி டாலருக்கு மேல் வசூல் பார்த்த படம் அது. தீயணைப்பு நிலையத் தலைவராக நடித்த கிர்க் கேமரூன், மனைவியைத் தவிர வேறு பெண்ணை முத்தமிடுவதில்லை என்று விரதம் பூண்டவர். அதனால் அந்தக் காட்சிக்கு மட்டும் கதாநாயகியை விலக்கி, நடிகரின் சொந்த மனைவியைக் கதாநாயகியின் வேடத்தில் நிறுத்தி, முகம் தெரியாமல் நிழலுருவாகப் படம்பிடித்தார்கள். அதே படத்தில் எரியும் வீட்டுக்குள் புகுந்து அவர் ஒரு குழந்தையை மீட்கிறார். அந்த நெருப்புக்கு இப்படி ஒரு மனச்சாட்சிக் கேள்வி எழவில்லை. முத்தம் மெய்யாக இருந்தாக வேண்டும், தீ காட்சியாக இருந்தால் போதும். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு பெரிய வாசக உலகமே தன் கதைகளில் எதைத் தடுக்கிறது, எதைக் கேள்வியின்றி உள்ளே விடுகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான அடையாளம் கிடைக்காது.

அமெரிக்கச் சுவிசேஷ சபைகளின் வாசகர்களுக்கென்றே ஒரு தனிப் புனைகதைச் சந்தை இருக்கிறது. ஜானெட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’யை பெத்தனி ஹவுஸ் 1979இல் வெளியிட்டதிலிருந்து கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் காதல் கதைக்கும் ஓர் அலமாரி ஒதுங்கியது. உலகக் காதல் நாவல் வியாபாரத்தின் பெரும்புள்ளியான ஹார்லெக்வின், 1997இல் ‘ஸ்டீப்பிள் ஹில்’ என்ற பெயரில் கிறிஸ்தவ வரிசையைத் தொடங்கியது. 2005இல் அதிலிருந்து ‘லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ்’ கிளைத்தது. நம் மாத நாவல்களைப் போலத் தவணை தவறாமல் வரும் மெல்லிய புத்தகங்கள். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு இந்த வகை: ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி வருவது, அவர்களில் ஒருவர் உயிருக்கு யாரோ குறிவைப்பது, இருவரில் ஒருவராவது கடவுளிடம் வந்து சேர்வது அல்லது திரும்பி வருவது. இவற்றில் தீவைப்புக் கதைகளுக்குத் தனி இடம் உண்டு. டீ ஹென்டர்சனின் ஓமாலி வரிசையில் 2001இல் வந்த ‘தி புரொடெக்டர்’ நல்ல உதாரணம். நாயகன் தீயணைப்பு வீரன். அவனுடைய வட்டாரத்தையும் அவன் பணிநேரத்தையும் பார்த்துப் பார்த்து ஒருவன் தீ வைக்கிறான். அவனைக் கண்ணால் கண்டவள் ஒரு பெண். காதலும் ஆபத்தும் வேறு எந்தக் குற்றத்திலும் இவ்வளவு இலகுவாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதில்லை.

இந்தச் சந்தையைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. கெட்ட வார்த்தை கூடாது, கல்யாணத்துக்கு முன் உடலுறவு கூடாது, படுக்கையறைக் கதவு வாசகர் முகத்துக்கு நேரே மூடிவிட வேண்டும், ரத்தம் தெறிக்கக் கூடாது, நல்லவர்கள் கையில் மதுக்கோப்பை இருக்கலாகாது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். வேலி என்னவோ ஒன்றுதான். பிரான்சீன் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ 1991இல் பொதுச் சந்தையில் வந்தபோது ஒரு வடிவம். 1997இல் கிறிஸ்தவப் பதிப்பகம் எடுத்துப் போட்டபோது சில இடங்கள் சீர்செய்யப்பட்ட வேறு வடிவம். இத்தனைக்கும் அது ஓசியா தீர்க்கதரிசியின் கதையைத் தழுவிய நாவல். வேதாகமமே இந்த வேலியைத் தாண்டாது என்பது அந்த வட்டாரத்திலேயே பழகிய கிண்டல். என் வாதம் அதுவல்ல. வேலி இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அது நிற்கும் இடம்தான் தப்பு என்கிறேன். தீவைப்பைப் பற்றிய நாவலில் ஒழுக்கம் சோதிக்கப்படும் இடம் முத்தமும் வசைச்சொல்லும் அல்ல. ஓர் எழுத்தாளர் வாசகரின் இன்பத்துக்காக ஒரு தீயை மூட்டுகிறார். அந்தத் தீக்கு அவர் கதைக்குள் என்ன பதில் சொல்கிறார் என்பதுதான் அங்கே உள்ள ஒரே பெரிய கேள்வி. வேலி கட்டியவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தீ ஏன் இந்த வகைக்கு இவ்வளவு தோதாக இருக்கிறது என்று யோசித்தால் வேலியின் விளைவு தெரியும். காதலை நெருப்பாகச் சொல்வது உன்னதப்பாட்டின் எட்டாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. வெள்ளம் அவிக்க முடியாத தழல் அது. ஆனால் உன்னதப்பாட்டில் உடம்பும் இருக்கிறது. கழுத்து, கூந்தல், மார்பு எல்லாம் பெயர் சொல்லிப் பேசப்படுகின்றன. கிறிஸ்தவக் காதல் நாவலில் உடம்பின் சூடு வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டதால், அது கட்டடத்தின் சூடாக மாறி உள்ளே வருகிறது. மூச்சுமுட்டிக் கிடக்கும் நாயகியை நாயகன் இரண்டு கைகளிலும் ஏந்திப் புகைக்குள்ளிருந்து வெளியே வருகிறான். கன்னத்தோடு கன்னம், கரி படிந்த நெற்றி, கிழிந்த சட்டை. மீட்பு என்ற பெயரில் ஆசிரியருக்குக் கிடைக்கும் முழுத் தழுவல் அது. இதில் ஒரு சாமர்த்தியம் இருப்பதை மறுக்க முடியாது. கட்டுப்பாடு கற்பனையைச் சுற்றுவழியில் போகச் சொல்லும். சுற்றுவழியில் சில நேரம் நல்ல கவிதை பிறக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆசையின் வேலையைத் தீ செய்ய ஆரம்பித்ததும் அது அழகாகிவிடுகிறது. அழகான தீயால் யாரையும் அசிங்கமாகச் சுட முடியாது. நாயகனின் முன்கையில் ஒரு கட்டு, நாயகிக்கு ரெண்டு நாள் இருமல், கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். இந்த வகை நாவல்களின் வழக்கமான தீக்காயக் கணக்கு பெரும்பாலும் இவ்வளவுதான்.

நிஜக் கணக்கு வேறு. உடம்பின் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெந்ததோ ஏறத்தாழ அத்தனை நாள் மருத்துவமனை வாசம் என்பது தீக்காயப் பிரிவுகளில் புழங்கும் உத்தேசம். ஒரு கை முழுக்க வெந்தால் 9 பங்கு. இரண்டு கைகளோடு மார்பும் வயிறும் சேர்ந்தால் 36. ஐந்து வாரத்துக்குமேல் படுக்கை. தொடையிலிருந்து தோலெடுத்து மார்பில் ஒட்டுவார்கள். எடுத்த இடம் தனியாக எரியும். வீட்டுக்கு வந்த பிறகு தழும்பு தடித்து மேலெழாமல் இருக்க உடம்போடு இறுகப் பிடிக்கும் அழுத்த உடை. குளிக்கும் நேரம் போக நாளுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்கில், பலருக்கு ஓராண்டுக்கு மேலும். குழந்தையாக இருந்தால் எலும்பு வளரும், தழும்பு அதோடு சேர்ந்து வளராது. ஆகவே திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை. இதில் வேலிக்கு வெளியே தள்ள வேண்டிய சங்கதி என்ன இருக்கிறது? வசை இல்லை, காமம் இல்லை, ரத்தத் தெறிப்பும் இல்லை. பொறுமையும் வலியும் பணிவிடையும்தான் இருக்கின்றன. ஒருவர் தினமும் இன்னொருவருக்கு அந்த இறுக்கமான உடையை மாட்டிவிடுவது, எந்த முத்தத்தையும்விட ஆழமான காதல் காட்சியாக இருக்க முடியும். கிறிஸ்தவ நாவலாசிரியருக்கு இதைவிடச் சொந்தமான களம் உண்டா? இருந்தும் கதை அங்கே போவதில்லை. தீ தன் வேலையை முடித்துவிட்டது, ஜோடி சேர்ந்துவிட்டது.

தீ வைப்பவனைச் சித்திரிப்பதிலும் இதே அவசரம்தான். நெருப்பைக் கண்டால் கண் பளபளக்கும் கிறுக்கன், மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே சாய்வெழுத்தில் பேசும் முகமில்லாத குரல். நிஜத்தில் தீவைப்பு மனநோய் மிக அபூர்வம். அமெரிக்கக் குற்றவியல் வகைப்பாடுகள் பட்டியலிடும் காரணங்கள் சலிப்பூட்டும் அளவுக்கு மனிதத்தனமானவை: பழி, காப்பீட்டுப் பணம், இன்னொரு குற்றத்தை மறைப்பது, விஷமம், கிளர்ச்சி, அரசியல் வெறி. வேதாகமத்துக்கு இது தெரிந்திருக்கிறது. இரண்டாம் சாமுவேல் 14இல் அரசனின் மகன் அப்சலோம் இரண்டு முறை ஆள் அனுப்பியும் படைத்தலைவன் யோவாப் வரவில்லை. அடுத்து அப்சலோம் தன் வேலைக்காரரை ஏவி, பக்கத்தில் இருந்த யோவாபின் வாற்கோதுமை வயலைக் கொளுத்தச் சொல்கிறான். யோவாப் நேரே வந்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க, நான் கூப்பிட்டேன், நீ வரவில்லை என்பதுதான் பதில். அரண்மனைப் பிள்ளை, நாடே மெச்சிய அழகன், கவனிக்கப்படாத ஆத்திரத்தில் இன்னொருவனின் விளைச்சலை எரிக்கிறான். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இந்த நாலைந்து வசனங்களில் உள்ள மனத்தத்துவம் முந்நூறு பக்கச் சாய்வெழுத்துக் குரலில் கிடைப்பதில்லை.

வில்லனை அரக்கனாக்குவது கதையோடு முடியும் தவறு என்றால் விட்டுவிடலாம். முடிவதில்லை என்பதற்கு டெக்சாஸில் ஒரு சாட்சி இருக்கிறது. 1991 டிசம்பர் 23 அன்று கார்சிகானா நகரில் ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தன. தகப்பன் கேமரூன் டாட் வில்லிங்கம் தீ வைத்ததாக வழக்கு. தரையில் எண்ணெய் ஊற்றிய தடம், சன்னல் கண்ணாடியில் சிலந்திவலைபோல் நுண்விரிசல் என்று புலனாய்வாளர்கள் சாட்சி சொன்னார்கள். தண்டனையைத் தீர்மானிக்கும் கட்டத்தில், அவன் வீட்டில் ஒட்டியிருந்த ஹெவி மெட்டல் இசைக்குழுப் படங்கள்கூட அவனுடைய மனக்கோணலுக்கு அடையாளமாக விளக்கப்பட்டன. 2004 பிப்ரவரி 17 அன்று அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தக் கண்ணாடி விரிசல், தீயணைப்பவர் பீய்ச்சும் தண்ணீர் பட்டுச் சட்டெனக் குளிர்வதால் வருவது என்று சோதனையில் நிரூபணமாகியிருக்கிறது. எண்ணெய்த் தடமும் அப்படியே. 1991இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வேறொரு வழக்குக்காக, எரிந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டை அதேபோலச் சாமான் போட்டு நிபுணர்கள் கொளுத்திப் பார்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவன்தான் செய்திருப்பான் என்ற எண்ணத்தோடு போனவர்கள் அவர்கள். ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. தரையில் ‘ஊற்றிய தடங்கள்’ தானாக விழுந்திருந்தன. வழக்கு கைவிடப்பட்டது. புலனாய்வுக்கான என்.எஃப்.பி.ஏ. 921 என்ற வழிகாட்டி 1992இல்தான் வெளியானது. இன்றும் சாம்பலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது வைத்த தீதான் என்று சொல்லும் நாயகனை எழுதுபவர், அறிந்தோ அறியாமலோ அந்தப் பழைய மூடநம்பிக்கைக்கு இன்னொரு பதிப்புப் போடுகிறார். ஜூரியாக உட்காரப் போகிறவர்கள் நாவல் படிப்பவர்கள்தான். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. வேலியின் பட்டியலில் அது எந்த இடத்தில் வருகிறது?

இங்கே முதல் ஆட்சேபம் எழும். தீயைப் பற்றி இத்தனை மெய்யாக எழுதச் சொன்னால் தீ வைக்கக் கற்றுக்கொடுப்பதாகாதா? இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. கலிஃபோர்னியாவின் கிளென்டேல் தீயணைப்புத் துறையில் தீவைப்புப் புலனாய்வாளராக இருந்த ஜான் ஓர், தீயணைப்பு அதிகாரி ஒருவனே ரகசியமாகத் தீ வைத்துக் காம இன்பம் காண்பதாக ஒரு நாவல் எழுதிப் பதிப்பகங்களைத் தேடினார். 1984 அக்டோபரில் சவுத் பசடேனாவில் ஒரு வீட்டுச் சாமான் கடை எரிந்து நான்கு பேர் செத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டியும் அவளுடைய இரண்டு வயதுப் பேரனும் இருந்தார்கள். கையெழுத்துப் பிரதியிலும் அதுபோல ஒரு கடை எரிகிறது. வழக்கில் அந்த நாவல் சாட்சியமாக முன்வைக்கப்பட்டது. அந்த நான்கு கொலைகளுக்காக 1998இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் விவரமே கூடாது என்பதல்ல. அந்தப் பிரதியில் விவரம் முழுக்க வைப்பவனின் கையிலும் அவனுடைய இன்பத்திலும் குவிந்திருக்கிறது. விவரத்துக்கு ஒரு திசை உண்டு. எதைக் கொண்டு, எப்படி, எவ்வளவு நேரம் கழித்துப் பற்றும்படி வைத்தான் என்பது ஒரு திசை. அதை மூடிவைக்கலாம், மூடிவைத்தால் கதைக்கு ஒரு குறையும் வராது. பற்றிய பிறகு யாருக்கு என்ன ஆனது, எது மிஞ்சியது, எத்தனை காலம் ஆனது என்பது மறுதிசை. அதைப் படித்து யாரும் தீ வைக்கக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. நடப்பு வேலி இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட மதிக்கத் தக்கது. இந்த நாவல்களைப் படிப்பவர்கள் இலக்கியம் தேடி வரவில்லை. நாள் முழுதும் உழைத்துவிட்டு, மகளிடமும் மாமியாரிடமும் கூச்சமில்லாமல் கைமாற்றித் தரக்கூடிய ஒரு புத்தகத்தைக் கேட்கிறார்கள். அவர்களில் அடிபட்டவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு வேலி ஒரு நிழல். இதை மேட்டிமையோடு ஒதுக்கித் தள்ள எனக்கு உரிமை இல்லை, மனமும் இல்லை. ஆனால் ஆறுதலுக்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. தழும்போடு வாழும் ஒரு பெண் இந்த நாவலைத் திறந்தால் அவளுக்கு என்ன கிடைக்கிறது? தீக்குள் போய் வந்தும் தோல் கெடாத ஒருத்திதான் நேசிக்கப்படுகிறாள் என்ற செய்தி. தானியேலின் சிநேகிதர்கள் மூவரும் முடிகூடக் கருகாமல் சூளையிலிருந்து வெளியே வந்தது அற்புதம் என்பதால்தான் எழுதிவைக்கப்பட்டது. அதை எல்லாருக்குமான வழக்கமாக்கினால் அற்புதத்துக்கும் மரியாதை இல்லை, காயத்துக்கும் மரியாதை இல்லை. காயப்பட்டவர்களைக் காக்கிறேன் என்று சொல்லும் வேலி, அவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தியிருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் சமயத்தின் இதயத்திலிருந்து வருகிறது. கிறிஸ்தவக் கதை மன்னிப்பில்தான் முடியும், கிருபை இலவசம், அங்கே கணக்குக் கேட்பது நியாயமா? வேதாகமம் கேட்கிறது என்பதுதான் பதில். யாத்திராகமம் 22இல் ஒரு சின்னச் சட்டம் உண்டு: தீ முள்ளில் பற்றி, அடுத்தவனுடைய கதிர்க்கட்டையோ நிற்கும் பயிரையோ வயலையோ எரித்துவிட்டால், மூட்டியவன் ஈடுகொடுக்க வேண்டும். அவன் வேண்டுமென்று செய்தானா என்றுகூட அது விசாரிக்கவில்லை. லூக்கா 19இல் வரி வசூலிக்கும் சகேயு மனம்திரும்பிய கையோடு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். இரட்சிப்பைப் பற்றிய வாக்கு அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. 2019 மார்ச் 26 முதல் ஏப்ரல் 4 வரைக்குள் லூசியானாவின் செயின்ட் லாண்ட்ரி வட்டாரத்தில் கறுப்பின மக்களின் மூன்று பாப்டிஸ்ட் ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. நூறாண்டு கடந்த சபைகள். பிடிபட்டவன் அந்த வட்டாரக் காவல் உதவி அதிகாரி ஒருவரின் மகன். நார்வேயில் 1990களில் நடந்த ஆலய எரிப்புகளைப் பார்த்து, ‘பிளாக் மெட்டல்’ இசை வட்டத்தில் பெயர் வாங்கச் செய்தான் என்பது வழக்கு. இங்கேயும் மெட்டல் இசைதானே என்று கேட்கலாம். ஆனால் அவனைக் காட்டிக்கொடுத்தவை கடையில் வாங்கிய பெட்ரோல் கேனும் காமிராப் பதிவுகளும். சுவரில் ஒட்டிய படங்கள் அல்ல. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், நீதிமன்றத்தில் சபையாரிடம் மன்னிப்பும் கேட்டான். 2020 நவம்பரில் 25 ஆண்டு சிறையோடு, ஆலயங்களுக்கு 26 லட்சம் டாலருக்கு மேல் ஈடு கட்டவும் உத்தரவாயிற்று. மன்னிப்பு ஒரு பக்கம், ஈடு இன்னொரு பக்கம்; ஒன்று வந்ததால் மற்றது தள்ளுபடி ஆகவில்லை. அந்தத் தண்டனைக்கு அடிப்படையான ஆலய எரிப்புத் தடுப்புச் சட்டம், தென்மாநிலங்களில் கறுப்பின ஆலயங்கள் தொடர்ந்து எரிந்ததால் 1996இல் பிறந்தது. அமெரிக்கக் கிறிஸ்தவத்துக்கும் தீவைப்புக்கும் உள்ள மெய்யான உறவு இந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. காதல் திகில் நாவலின் தீ பெரும்பாலும் எரிவது வரலாறு இல்லாத ஒரு சிற்றூரில்.

நாவலாசிரியரும் ஒரு வகையில் மூட்டியவர்தான். வாசகர் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதற்காகக் கொளுத்துகிறார். அதில் பாவம் இல்லை. ஆனால் யாத்திராகமத்துச் சட்டம் அவருக்கும் பொருந்தும்: எரித்ததற்கு ஈடு கட்ட வேண்டும். கதையில் ஈடு என்பது பக்கங்களாகத்தான் கட்டப்படும். வெந்தவருக்கு, வீடிழந்தவருக்கு, வீணாகச் சந்தேகிக்கப்பட்டவருக்கு, மனம்திரும்பியபின் கடனோடு உட்கார்ந்திருக்கும் தீ வைத்தவனுக்கு. வேலியின் பட்டியல் அப்படியே இருக்கட்டும். முத்தத்தை எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். அடியில் ஒரு கேள்வியை மட்டும் பதிப்பாசிரியர்கள் சேர்த்துக்கொள்ளலாம்: தீ அணைந்த பிறகு இந்த நாவலில் எத்தனை பக்கம் மிச்சம் இருக்கிறது? கல்யாணத்துக்கு மட்டும் போதுமான பக்கம் என்றால், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாவிட்டாலும் அது சுத்தமான புத்தகம் ஆகாது.